பின்னிரவு 4.18 வரை

இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் திருப்புங்கள். மெதுவாக. கறுப்பாக ஒரு பாறை நீட்டிக்கொண்டு தெரிகிறதா, கப்பலின் மூக்கு மாதிரி? அதுதான். அதிலிருந்து அப்படியே கீழே வாருங்கள். வெள்ளைச் சுவர் மாதிரி ஒரு சரிவு வரும். அதில் இரண்டு புள்ளிகள் இருக்க வேண்டும்.

இருக்கிறதா? இரண்டுதானே? அவசரப்படாமல் பாருங்கள். ஒன்று சிவப்பு, மற்றது நீலம்.

நல்லது. ஏறுகிறார்களா, நிற்கிறார்களா?

ஏறுகிறார்கள். சரி. அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள், கையை எடுத்தால் அந்தத் தொலைநோக்கி தானாகக் கீழே சாய்ந்துவிடும். தேநீரை இங்கே வைக்கிறேன். இது கடையில் விற்கிறது இல்லை, சமையலறையில் குசினிக்காரர் நாங்கள் எங்களுக்குப் போடுவது. இஞ்சி தட்டிப் போட்டது. உங்கள் ஆட்கள் பனிக்குகை பார்த்துவிட்டு வர ஒரு மணித்தியாலமாவது ஆகும். உள்ளே பனிக்கட்டியில் செதுக்கிய கரடி ஒன்று இருக்கிறது. அதோடு ஒவ்வொருவராக நின்று படம் எடுத்துத்தான் வருவார்கள். மூச்சு வாங்குகிறது என்று நீங்கள் நின்றுகொண்டது நல்ல காரியம்.

எனக்கு இந்தக் கண்ணாடியோடு அதற்குள்ளே பார்க்க வராது. கழற்றினாலும் வராது. அதனால்தான் உங்களைக் கேட்டேன். தமிழ்க்குரல் கேட்டது, ஓடி வந்தேன்.

சிவப்பு என் மகள். மிதிலா. இருபத்தேழு வயது. நீலம் சோதி.

நான் பேசுவது விளங்குகிறதா? கோயம்புத்தூர் என்றீர்கள். எங்கள் யாழ்ப்பாணப் பேச்சு உங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சிலவேளை பிடிபடாது, அதனால் புத்தகத்தில் எழுதுகிற மாதிரிப் பேசுகிறேன். இருபத்தாறு வருடமாக இந்த மலை உணவகத்துக் குசினியில் நிற்கிறேன். முதலில் கோப்பை கழுவினேன், இப்போது சமையல். அந்த மலைக்கு ஜெர்மன் பெயர் ஒன்று உண்டு. நாங்கள் கப்பல் என்போம். நாலாயிரத்து நூறு மீற்றர். அதன் உச்சியிலிருந்து அந்த வெள்ளைச் சுவர் வழியாக ஸ்னோபோர்டில் இறங்குவதுதான் திட்டம்.

ஸ்னோபோர்ட் என்றால் ஒரு பலகை. இரண்டு காலையும் அதில் குறுக்காகக் கட்டிக்கொண்டு பனியில் வழுக்குவது. இவர்களுடையது நடுவால் இரண்டாகப் பிரியும். பிரித்து, அடியில் மயிர்த்துணி ஒட்டி, இரண்டு காலிலும் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். உச்சியில் திரும்பவும் பொருத்தினால் ஒரே பலகை. எனக்கு எல்லாம் தெரியும். ஐந்து மாதமாக என் சாப்பாட்டு மேசையில் இதுதான் நடந்தது. நான் சாப்பிட்டது குசினி மேடையில், நின்றபடி.

இப்போது ஏறுகிறார்களா? சரி.

எனக்குப் பொறாமை என்று என் மனைவி சொல்கிறாள். வதனா. பொறாமை என்றால் என்ன, அவனிடம் இருப்பது என்னிடம் இல்லை என்று நினைப்பது. அவனிடம் என்ன இருக்கிறது? கல்யாணம் கட்டவில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழ் வீட்டில் ஒரு அறை, ஒரு கட்டில், சுவரில் சாத்தி வைத்த நாலு பலகை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர், ஒரே வருடம் வந்தவர்கள். அகதி முகாமில் மேல்கட்டில் அவன், கீழ்க்கட்டில் நான். இந்தக் குசினிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தான். அவன் இரண்டு வருடம் கோப்பை கழுவிவிட்டு, சூடு ஒத்துவரவில்லை என்று லிஃப்ட் வேலைக்குப் போனான். வருகிற ஆட்களைப் பிடித்து, கம்பியில் தொங்கி மலைக்கு ஏறுகிற கதிரையில், நாற்காலியில், இருத்திவிடுகிற வேலை. அந்த வேலையில் இருந்தால் சறுக்குவது சும்மா, காசில்லை. அப்படித்தான் பழகினான். அதில் ஒரு கெட்டித்தனமும் இல்லை. சும்மா கிடைத்தால் யாரும் பழகலாம்.

எனக்கும் சும்மாதான். ஆனால் எனக்கு நேரம் எங்கே?

நீங்கள் கேட்பீர்கள், தகப்பன் நான் இருக்க மகள் ஏன் அவனோடு போகிறாள் என்று. கேட்கவில்லையா? கேட்டாலும் பிழையில்லை. மிதிலாவுக்கு ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து பனி முகாமுக்குக் கூட்டிப்போனார்கள். ஒவ்வொரு பிள்ளையோடும் பெரியவர் ஒருவர் வர வேண்டும், சனி ஞாயிறு. சனி ஞாயிறு இங்கே முந்நூறு பேருக்குச் சாப்பாடு. அதோடு, வந்த முதல் மாரியிலேயே, முதல் குளிர்காலத்திலேயே, நான் பனியில் விழுந்து மணிக்கட்டு முறிந்தவன். பேருந்துத் தரிப்பிடத்தில், இருபது பேர் பார்க்க. பிள்ளைக்கு முன்னால் ஒரு தடவை விழ வேண்டுமா? "நீ ஒருக்காப் போட்டு வா மச்சான்" என்று சோதியிடம் சொன்னேன். ஒருக்கா. ஒரே ஒரு தடவை என்று சொன்ன அந்த ஒருக்கா பதினெட்டு வருடம்.

முகாமிலிருந்து வந்தவள் சப்பாத்தைக் கழற்ற முன்னமே, "அப்பா, சோதி மாமா என்னைப் பிடிக்கவேயில்லை, நான் தனிய வந்தனான்!" என்றாள். பிடிக்கவேயில்லை என்று சந்தோசமாகச் சொல்கிறாள். நான் கேட்டேன், "ஏன்ரா பிடிக்கேல்லை, பிள்ளை விழுந்திருந்தால்?" அவன் சொன்னான், "விழுந்தவள் மச்சான். ஏழு தரம்." ஏழு என்று எண்ணி வைத்திருக்கிறான்.

இந்தப் பேச்செல்லாம் இருக்கட்டும். கையுறைக் கதையைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு பேரும் பயிற்சிக்குப் போய்விட்டு நேரே எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வந்தவுடன் கையுறைகளை வரவேற்பறை ஹீற்றரில் காயப் போடுவார்கள். அவளுடையது, அவனுடையது. பக்கத்தில் பக்கத்தில். கீழே அவன் வீட்டில் ஹீற்றர் இல்லையா? இருக்கிறது. அவனுடையதை மட்டும் எடுத்து ஜன்னல் விளிம்பில் வைப்பேன். தோல் கையுறை, ஜன்னலில் காயாது. போகும்போது ஈரத்தோடு மாட்டிக்கொண்டு போவான். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருந்தேன், ஹீற்றருக்குத் தோல் கூடாது என்று. கேட்டால்தானே.

எங்கே நிற்கிறார்கள்? பாறைக்குப் பக்கத்திலா, இன்னும் கீழேயா?

கீழே. ம்.

மேசையில் வரைபடம் விரித்தபடியே இருக்கும். தை மாதத்திலிருந்து. முப்பது பாகைக்கு மேல் சரிந்த இடமெல்லாம் மஞ்சள், முப்பத்தைந்துக்கு மேல் சிவப்பு, அவள் பென்சிலால் தீட்டியது. நான் தேநீர் கொண்டுபோனால், "அப்பா, மப்பிலை வைக்காதேங்கோ" என்பாள். மப் என்பது அந்த வரைபடம். இரண்டு பேரும் பேசுவது அரைவாசி ஜெர்மன், அரைவாசி தமிழ். பனி எத்தனை படையாக இருக்கிறது, எந்தப் படை எதில் ஒட்டவில்லை, காற்று எந்தப் பக்கம் கொண்டுபோய்க் குவித்திருக்கிறது. என் வீட்டு மேசை, எனக்கு விளங்காத பேச்சு. நான் போய்த் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கொஞ்சம் பெரிதாக வைப்பேன்.

ஒரு நாள் இப்படிக் கேட்டுக்கொண்டார்கள். முதலில் அவன் கேட்டான்: "நான் பனிப்பிளவுக்குள்ளை விழுந்தால் நீ முதல் என்ன செய்வாய்?" அவள் சொன்னாள், கயிற்றை இறுக்குவேன், கயிற்றைப் பிணைக்கப் பனியில் கோடரியை ஊன்றுவேன், பிறகு கூப்பிடுவேன் என்று. பிறகு அவள் கேட்டாள்: "நான் பனிக்குள்ளை மூடுப்பட்டால்?" அவன் சொன்னான்: "முதல் மணியைப் பாப்பன். பிறகு தேடுவன். பதினைஞ்சு நிமிசத்துக்குள்ளை உன்னை எடுப்பன்." கடைக்குப் போய்ப் பால் எடுத்து வருவேன் என்கிற மாதிரிச் சொன்னான். பனியில் மூடுண்ட ஆள் எங்கே என்று காட்டிக்கொடுக்க உடம்பில் கட்டுகிற ஒரு கருவி உண்டு, அதை மடுவில் புதைத்துவிட்டுத் தேடி எடுக்கப் பழகியிருக்கிறார்கள். அவள் நாலு நிமிடத்தில் எடுப்பாளாம், அவன் ஐந்து. அதைச் சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள்.

என்னை ஒருவரும் அப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை. நான் அவளுக்காக என்ன செய்வேன் என்று. கேட்டிருந்தால் எனக்கும் பதில் இருந்திருக்கும்.

திட்டத்தை ஒரு தாளில் எழுதினார்கள். பெயர், பாதை, நேரம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது. முதலில் மீட்புப் படை. இரண்டாவது வதனாவின் போன் இலக்கம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்பா குசினியிலை போன் எடுக்கமாட்டார்" என்றாள், தலை நிமிராமல். உண்மைதான், நான் எடுப்பதில்லை, கை எண்ணெயாக இருக்கும். ஆனால் அதை எழுத முன்னம் கேட்டிருக்கலாம். இன்றைக்குப் பாருங்கள், போன் இங்கே, மேற்சட்டைப் பையில். காலை நாலு மணியிலிருந்து.

சொல்ல மறந்தேன். மாசியில் ஒரு நாள் கேட்டாள், "மலைக்குடில் வரைக்கும் நீங்களும் வாங்கோ அப்பா. அங்கை வரைக்கும் நடந்து போகலாம். நாங்கள் வரும்வரை நீங்கள் அங்கை சூப் குடிச்சுக்கொண்டு இருக்கலாம்." நான் சொன்னேன், எனக்கு வேலை இருக்கு, நாப்பது கிலோ உருளைக்கிழங்கு ஆர் உரிக்கிறது என்று. அவளும் பிறகு கேட்கவில்லை. ஒருமுறை கேட்டால் கேட்டதாகிவிடுமா?

இப்போது மணி என்ன? உங்கள் கைக்கடிகாரத்தில். இல்லை, பொறுங்கள், அது இங்கத்தைய நேரமா, இந்திய நேரமா? மாற்றிவிட்டீர்களா? நல்லது. எல்லோரும் மாற்றமாட்டார்கள். எட்டுப் பதினாறு. சரி.

எட்டரை என்பது ஒரு சட்டம். சோதி வைத்த சட்டம். அந்தச் சுவர் கிழக்குப் பக்கம் பார்த்தது. இராத்திரி இறுகின பனியில் காலை வெயில் பட்டு, மேலே ஒரு விரற்கடை இளகினால் பலகைக்கு நல்லது. இன்னும் கொஞ்சம் வெயில் பட்டால் முழுச் சுவரும் கழன்று கீழே வரும். அதனால் எட்டுக்கு உச்சி, எட்டரைக்கு இறக்கம். எட்டரைக்கு எங்கே நின்றாலும், உச்சிக்கு இருபது அடி இருந்தாலும், திரும்புவது. அதை அவன் அவளைக் கொண்டு சத்தமாக வாசிப்பித்தான். "இருபது அடி எண்டாலும்?" "இருபது அடி எண்டாலும், மாமா." முதல் நாள் இரவு தங்குகிற குடிலிலிருந்து ஐந்து மணித்தியால ஏற்றம். அப்படியென்றால் இராத்திரி மூன்று மணிக்கு வெளிக்கிட வேண்டும். மூன்று மணி என்று தாளில் எழுதி, இரண்டு தரம் கீழ்க்கோடு போட்டிருந்தது.

அந்த மூன்று மணியில்தான் நான் குறுக்கே வந்தேன்.

எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு நாட்காட்டி இருக்கிறது, நாளுக்கு ஒரு தாள் கிழிக்கிறது. புதன்கிழமை அதைப் புரட்டிப் பார்த்தேன். சும்மாதான். வெள்ளிக்கிழமைத் தாளில், சனி விடியப்போகிற அந்த இரவுக்கு, போட்டிருந்தது: பின்னிரவு 4.18 வரை மரணயோகம். அதற்குப் பிறகு சித்தயோகம்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. நான் செவ்வாய்க்கிழமையில் முடி வெட்டுகிறவன். மிதிலாவுக்குச் சாதகம்கூட எழுதுவிக்கவில்லை. ஆனால் அச்சடித்திருக்கிறதே. மரணம் என்று ஒரு சொல் அச்சடித்திருக்க, அதைப் பார்த்த தகப்பன் பேசாமல் இருக்கலாமா? நீங்கள் இருப்பீர்களா?

தாளைக் கிழித்துக்கொண்டு வந்து வரைபடத்தின் மேல் வைத்தேன். வதனா பார்த்தாள். அவளுடைய கை தாலிக்கொடிக்குப் போனது. மிதிலா என்னைப் பார்க்கவில்லை. சோதியைப் பார்த்தாள். அதைக் கவனியுங்கள். தாளை வைத்தது நான், பார்த்தது அவனை.

சோதி தாளை எடுத்து வாசித்தான். கனநேரம் வாசித்தான். அதில் மொத்தமே எட்டு வரி இருக்கும். பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். கீழே அச்சடித்திருந்த கடையின் பெயரைக்கூட வாசித்தான் என்று நினைக்கிறேன். பிறகு, "சரி மச்சான். நாலு இருபதுக்கு வெளிக்கிடுறம்" என்றான்.

"மாமா, எட்டரைக்கு எப்பிடி" என்று அவள் தொடங்கினாள்.

"அப்பா சொல்லிப்போட்டார்" என்றான் அவன்.

அழிறப்பரால் மூன்று மணியை அழித்தான். அழித்துவிட்டுப் பென்சிலை என்னிடம் நீட்டினான். "நீ எழுது மச்சான்." நான் எழுதினேன். 4.20. கீழ்க்கோடும் போட்டேன், இரண்டு. அந்தத் தாளில் என் கையெழுத்து அது ஒன்றுதான். நல்ல வடிவான எழுத்து. ஒரு நாலு, ஒரு இரண்டு, ஒரு சைபர்.

அன்றைக்கு இரவு எனக்கு நல்ல நித்திரை.

எட்டு இருபத்தொன்றா? பாறைக்குக் கிட்ட வந்துவிட்டார்களா? இல்லையா? பாறையிலிருந்து உச்சிக்கு ஒரு விரல் தூரம் இருக்கும், தொலைநோக்கிக்குள். பாறைக்கே வரவில்லையென்றால்... சரி. பாருங்கள்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். நீங்கள் மத்தியானம் கீழே இறங்கி நாளைக்கு வேறொரு நாட்டில் நிற்கப் போகிறவர். நேற்றுப் பின்னேரம் ஏழு மணிக்கு அக்காவோடு பேசினேன். அக்கா ஊரில் இருக்கிறா, பருத்தித்துறைப் பக்கம். வருடா வருடம் அந்த நாட்காட்டியை அனுப்புவது அவதான். பிள்ளை நாளைக்கு மலை ஏறுகிறாள் என்று சொல்ல எடுத்தேன். "உந்த நேரத்திலை எடுக்கிறாய், பத்தரை ஆகுதடா, படுத்திட்டன்" என்றா.

பத்தரை. இங்கே ஏழு.

மூன்றரை மணித்தியாலம். அந்தத் தாளில் இருப்பது ஊர் நேரம். நாலு பதினெட்டில் மூன்றரையைக் கழித்துப் பாருங்கள். பன்னிரண்டு நாற்பத்தெட்டு. இங்கே ஒரு மணி அடிக்க முன்னமே மரணயோகம் முடிந்துவிடுகிறது. மூன்று மணிக்கு வெளிக்கிட்டிருந்தாலும் சித்தயோகத்தில்தான் வெளிக்கிட்டிருப்பார்கள்.

கூப்பிட்டிருக்கலாம். குடிலில் போன் இருக்கிறது. ஆனால் மலைக்குடிலில் ஏழரைக்கே விளக்கை அணைத்துவிடுவார்கள், இரவு எழும்ப வேண்டிய சனம். என் ஒரு ஆளுக்காக எல்லோரையும் எழுப்புவதா? மணி அப்போது ஏழு பத்து, உண்மைதான். போனை எடுத்து மேசையில் வைத்தேன். பிறகு யோசித்தேன். எழுதினது எழுதினதுதான், திருப்பித் திருப்பி மாற்றினால் அவர்கள் குழம்பிப்போவார்கள். மலைக்குப் போகிற ஆட்களைக் குழப்பக்கூடாது. அது அவனே சொன்னதுதான்.

அதோடு, ஐந்து மாதத்தில் ஒரு சொல். ஒரே ஒரு சொல் என்னுடையது. அதையும் நானே கூப்பிட்டு அழிக்கச் சொல்வதா?

ஏன் கண்ணை எடுத்துவிட்டீர்கள்? பாருங்கள். நான் சொல்கிறேன்தானே, நீங்கள் அதிலேயே பாருங்கள்.

நிற்கிறார்களா? இரண்டு பேருமா? மணி?

எட்டு இருபத்தொன்பது.

இருங்கள், போன்.

ஓம். சொல்லு. ஓம், பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். என்ன? எவ்வளவு இருக்கு? நூற்றைம்பது மீற்றரோ. ம். ம். முழங்காலோ? எந்த முழங்கால்? இடதோ. சரி. சரி, பாத்து இறங்குங்கோ. பிள்ளை எங்கை? வேண்டாம், குடுக்க வேண்டாம். கையுறையைக் கழற்ற வேண்டாமெண்டு சொல்லு. சரி வை.

சோதிதான். திரும்புகிறார்கள். உச்சிக்கு நூற்றைம்பது மீற்றர் இருக்கிறதாம். முழங்கால் பிடித்துவிட்டதாம் அவனுக்கு, அதால்தான் பிந்திப்போச்சாம். "என்னாலைதான் மச்சான் பிந்தினது, பிள்ளையிலை பிழை இல்லை, அவள் சுறுக்காத்தான் வந்தவள்" என்கிறான்.

அவனுக்கு முழங்காலில் ஒன்றும் இல்லை. முந்தாநாள் எங்கள் வீட்டுப் படிகளை இரண்டிரண்டாக ஏறி வந்தவன். மிதிலா படித்ததே முழங்காலுக்கு வைத்தியம் செய்கிற படிப்பு, இயன்மருத்துவம். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறான்.

பாருங்கள் ஐயா, இதையும் எடுத்துக்கொண்டான். பிந்தினது என்னால். நான் எழுதினதால். அவள் ஐந்து மாதம் பாடுபட்டு அந்தச் சுவரில் ஏறிப்போய் நூற்றைம்பது மீற்றரில் திரும்புகிறாள் என்றால் அது என் கணக்கு. அதையாவது என்னிடம் விட்டிருக்கலாம். அதற்கும் அவன்தான் முன்னால் வந்து நிற்கிறான்.

கொஞ்சம் தள்ளுங்கள். நான் பார்க்கிறேன்.

எங்கே... கறுப்புப் பாறை. சரி. கீழே. எங்கே?

ஓ.

பலகையைப் பொருத்திவிட்டார்கள். சிவப்பு முன்னால். அவளை முன்னால் விட்டிருக்கிறான். அவன் மேலேயே நிற்கிறான், அசையாமல். அவள் மட்டும் வருகிறாள். இப்படிப் போய்... திரும்பி... இப்படி. பின்னால் பனி தூள் மாதிரி எழும்புகிறது. நான் இதை... இவள் இப்படிப் போவாள் என்று...

இல்லை, கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை. தெரிகிறது. நல்லாத் தெரிகிறது.

நின்றுவிட்டாள். கீழே இன்னொரு பாறைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறாள். கையைத் தூக்குகிறாள். இடது கையை, முழங்கையை மடித்து. இப்போது அவன் வருகிறான். அவனும் திரும்பும்போது இடது கையை அப்படித்தான் மடிக்கிறான். ஒரே மாதிரி. இரண்டு பேருக்கும் இடையில் நூறு மீற்றர், ஆனால் ஒரே கை. என் கை அப்படி இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அப்படி இல்லை.

திரும்பவும் அவள். பாருங்கள், திரும்பவும் அவளைத்தான் முதலில் விடுகிறான். எனக்கு இப்போது விளங்குகிறது. அவன் மேலே நின்று பார்ப்பது வழியை இல்லை, அவளைத்தான். முதலில் மணியைப் பார்ப்பேன், பிறகு தேடுவேன் என்றானே.

இல்லை, இன்னும் கொஞ்சம் நான் பார்க்கிறேன். உங்கள் ஆட்கள் வந்தால் சொல்லுங்கள்.

*

வாருங்கள், உள்ளே வாருங்கள், வெளியில் நின்றால் உங்களுக்குக் கூடாது. இந்த மேசை வெயில் பக்கம். உங்கள் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், கடையில் மணி வாங்குகிறார்கள், மாட்டின் கழுத்து மணி. இன்னும் நேரம் இருக்கிறது.

பனிச்சரிவால் நேரே இங்கேயே சறுக்கி வந்துவிட்டார்கள். இது மகள். பிள்ளை, ஐயா கோயம்புத்தூரிலை இருந்து வந்தவர். உங்களை முதலிலை கண்டது இவர்தான். இது சோதி.

இரு மச்சான், இருந்து கதை. முழங்கால் என்னமாதிரி? நொண்டுறாய். வலது காலையெல்லோ நொண்டுறாய்? போனிலை இடது எண்டாய்.

என்ன பிள்ளை சிரிக்கிறாய்?

என்ன? ஊர்க் கலண்டரோ? ஓம், ஊர்க் கலண்டர்தான். உன்ரை மாமி, என்ரை அக்கா அனுப்பினது. ஆர் சொன்னது? மாமாவோ? எப்ப? நேற்றோ?

புதன்கிழமையேவோ.

கேட்டீர்களா ஐயா. தாளைக் கையில் எடுத்தவுடனேயே அவனுக்குத் தெரியுமாம். கீழே கடையின் பெயர் யாழ்ப்பாணம் என்று இருந்ததாம். மூன்றரை மணித்தியாலத்தை அங்கேயே கழித்துப் பார்த்திருக்கிறான், அதற்குத்தான் அவ்வளவு நேரம். படியில் இறங்கும்போது இவளிடமும் சொல்லியிருக்கிறான். அவளுக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரியும்.

பிறகேன்ரா நாலு இருபதுக்கு வெளிக்கிட்டனி? நீ பென்சிலைத் தந்து என்னை எழுதச் சொன்னனியெல்லோ. தெரிஞ்சுகொண்டோ தந்தனி? ம்? என்னடா, வாயைத் திற.

மலை எங்கை போகப்போகுது என்கிறான். கேளுங்கள் இவன் கதையை. மலை எங்கே போகப்போகிறதாம்.

ஓம் பிள்ளை, கேக்குது. அடுத்த சனியோ? குளிர் திரும்புமாமோ? சரி, போங்கோவன். எத்தினை மணிக்கு? என்னையோ கேக்கிறாய்? நான் என்னத்தைச் சொல்ல.

அந்தப் பென்சிலை உள்ளை வை. சாப்பாட்டு மேசையிலை ஒருத்தரும் மப் விரிக்க வேண்டாம், இப்ப சூப் வரும். முதலிலை உந்தக் கையுறையைக் கழற்று. தா இஞ்சை. நனைஞ்சு ஊறிப்போய் இருக்கு.

உன்ரையையும் தா மச்சான்.

ஐயா, காலைக் கொஞ்சம் எடுங்கள். அந்த ஹீற்றரில் இரண்டு சோடிக்கும் இடம் இருக்கிறது. இவனுடையது தோல். உள்பக்கத்தை வெளியே புரட்டி வைத்தால்தான் காயும். பொறுங்கள், இந்தப் பெருவிரல்தான் வருகுதில்லை. ம். வந்துவிட்டது.